முதுகுக் கண்காட்சி

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு கலைக்கூடம் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரே ஓர் அறைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அங்கே வாடகை சைக்கிள் கடை இருந்தது. எவ்வளவு தேய்த்தும் தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை. உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை வெளியிலேயே விட்டுவிட்டு நுழைய வேண்டும். ஆனாலும் வாசலில் என் கையால் எழுதிய பலகை தொங்கியது: ‘சிறு கலைக்கூடம். அனைவரும் வருக.’

நான் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் அரக்கோணம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி இந்த நெசவுத் தெருவுக்கு வந்தேன். வந்த புதிதில் எனக்கு அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூடத் தெரியாது. என் கணவருக்கு உட்கார்ந்து நெய்யத் தறிக்குழி இருந்தது. அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பட்டு முறுக்கும் ராட்டையை வைத்துக்கொண்டு வீட்டையே ஆண்டுகொண்டிருந்தார். எனக்கு மட்டும் அந்த வீட்டில் உட்கார ஓர் இடம் கிடையாது. யாராவது விருந்தாளி வந்தால் நாத்தனார் என்னைக் காட்டி, “நல்ல பொண்ணு. கைதான் வராது” என்பார்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. எங்கே போனாலும் ஏதாவது ஒரு படத்தைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். பழைய சாமான் கடையில் கீறல் விழுந்த கண்ணாடிப் படங்கள், தேரில் இருந்து உதிர்ந்த மரப்பொம்மை, யாரோ தூக்கிப் போட்ட மண் குதிரை என்று வீடு நிறைந்தது. என் சொந்தப் படங்கள் வேறு. “இத்த எல்லாம் எங்கனா கொண்டு போய் வைமா, காலை இடிச்சிக்கினு கெடக்குது” என்று நாத்தனாரே அந்தச் சைக்கிள் கடை அறையைத் திறந்துவிட்டார். அறை அவர் பெயரில் இருந்தது. குப்பை போட இடம் கொடுத்ததாக அவர் நினைத்தார். நான் அதில் ஆணி அடித்துக் கண்காட்சி வைப்பேன் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

கண்காட்சி என்றால் சும்மா எல்லாவற்றையும் மாட்டிவைப்பது இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயம். முதல் கண்காட்சியின் பெயர் ‘மஞ்சள்’. அறையில் மஞ்சள் இல்லாத எதற்கும் இடமில்லை, என் புடவை உட்பட. அடுத்தது ‘வாய்’: யாளியின் வாய், கூஜாவின் வாய், கொட்டாவி விடும் கண்டக்டரின் வாய். அதற்கடுத்தது ‘காத்திருப்பவர்கள்’. ரேஷன் கடை வரிசை, ஏரிக்கரைக் கொக்கு, பஸ் வராத பஸ் ஸ்டாண்டு. அமாவாசைக்கு அமாவாசை மாற்றுவேன். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் தறி ஓடாது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நிற்பார்கள். பிடித்து உள்ளே தள்ளிவிடலாம்.

வரத்தான் செய்தார்கள். வந்து என்ன செய்தார்கள் என்பதுதான் என் தலைவலி.

எங்கள் ஊரில் ஒரு துணியை யாரும் முன்பக்கம் பார்த்து நம்ப மாட்டார்கள். புடவையைக் கையில் கொடுத்த உடனே முதல் காரியம், புரட்டிப் பின்பக்கம் பார்ப்பது. ஜரிகை பின்னால் எப்படி ஓடியிருக்கிறது, இழை எங்கே தொங்குகிறது, முடிச்சு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அங்கேதான் தெரியும். கல்யாணப் பெண்ணின் அம்மாவில் இருந்து கடை முதலாளி வரை எல்லோருக்கும் இதே கை. அந்தக் கையோடுதான் என் கலைக்கூடத்துக்கும் வந்தார்கள். நான் ராத்திரி பகலாகக் கண் வலிக்க வரைந்த படத்தை ஆணியில் இருந்து கழற்றுவார்கள். புரட்டுவார்கள். பின்னால் கிழிந்த பழுப்புக் காகிதத்தையும் துருப்பிடித்த ஆணியையும் பார்ப்பார்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். மறுபடி மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பாதி நேரம் தலைகீழாக.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர், நெசவில் நல்ல கைகாரர் என்று தெருவில் பெயர் எடுத்தவர். அவர்தான் ஒரு நாள் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். “படம் ஒண்ணும் மோசம் இல்லமா. பின்பக்கம்தான் ரொம்ப அசிங்கமா இருக்குது.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மறுநாளே ‘படங்களைத் தொடாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை எழுதிச் சுவர் நடுவில் மாட்டினேன். அடுத்த அமாவாசைக்கு எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அட்டையைப் படித்தார். பிறகு அதைக் கழற்றிப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார்.

அன்று வீட்டில் நான் பாத்திரத்தை வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். என் கணவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது அவர் தோள் குலுங்கியதில் தெரிந்தது.

சித்திரை முடிகிற சமயத்தில் நாத்தனார் பேச்சை எடுத்தார். ஆவணி முகூர்த்தங்களுக்கு வேலை குவிந்துவிடும், இன்னொரு ராட்டை போட இடம் வேண்டும். “ஆடி பொறந்தா அந்த ரூம் எனக்கு வேணும்மா” என்றார். நான் சண்டைக்கு நின்றேன். கலை, பண்பாடு, நாளைய தலைமுறை என்று பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசுகிற எல்லாவற்றையும் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தார்.

“அதெல்லாம் எனக்குப் புரியாதுமா. நான் ஒண்ணு கேக்கறேன். ஒரு தரம் வர்றவன் வேடிக்கை பாக்க வர்றான். உன் படத்தைப் பாத்துட்டுப் போனவங்க யாரானா, அதே படத்தைப் பாக்கணும்னு ரெண்டாவது தரம் வந்திருக்காங்களா?”

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“நம்ம தெரு ஆளு ஒருத்தர், நீ கூப்பிடாம, தானா, ரெண்டாவது தரம் வரட்டும். ரூம் உனுக்கு. இல்லன்னா ராட்டை உள்ள வந்துடும். அப்புறம் மொகத்தைத் தூக்கி வெச்சிக்கினு நிக்கக் கூடாது.”

இவ்வளவுக்கும் அவர் ஒரு தடவைகூடக் கண்காட்சிக்குள் கால் வைத்ததில்லை. வாசற்படியில் நின்றே எட்டிப் பார்ப்பார். “என் ரூம் எனுக்குத் தெரியாதா?” என்பார்.

அந்த அறை போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கை வராதவள். அவ்வளவுதான். அந்த எண்ணெய்க் கறைத் தரையில் நிற்கும்போது மட்டும்தான் நான் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாதவளாக இருந்தேன். ராத்திரி படுத்தால் ராட்டை சுற்றுகிற சத்தம் காதுக்குள் கேட்டது.

வைகாசியில் கருட சேவை வந்தது. நாங்கள் சிவன் கோயில் வகையறா என்றாலும் கருட சேவைக்குப் போகாத வீடு இந்த ஊரில் இல்லை. விடியற்காலையில் கூட்டத்தில் இடிபட்டு, கருடன் மேல் பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சரி, திரும்பலாம் என்று நான் நினைத்தபோது நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தார். “எங்க போறே? பின்னழகு பாக்க வேணாமா?” பெருமாள் கடந்து போன பிறகு பின்னால் இருந்து ஒரு தரம் சேவிப்பது இங்கே வழக்கம். பின்பக்கமும் பூ, மாலை, பதக்கம் என்று முன்பக்கத்துக்குச் சளைக்காமல் அலங்காரம் செய்திருப்பார்கள். முன்னால் நின்று பார்த்த அதே ஜனம், அதே பெருமாளை, இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி இரண்டாவது தரம் பார்த்தது. என் நாத்தனார் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

நான் அங்கேயே, அந்தக் கூட்டத்தின் நடுவில், சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து வழிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். “அடுத்த கண்காட்சிக்குப் பேர் ‘முதுகு’. எல்லாத்தையும் பின்பக்கமா மாட்டப் போறேன்.”

தறிக்குழியில் இறங்கப் போனவர் நின்றார். “பின்பக்கமா மாட்டினா, திருப்பினாதானே படம்?”

“அதான்!”

“இந்த ஊர்ல திருப்பாம எவன் இருப்பான்?” என்றார். அன்றைக்குத்தான் அவர் என் கலைக்கூடத்தில் கூட்டாளி ஆனார். பின்பக்கம் பின்பக்கம் என்று என் மானத்தை வாங்கினார்களே, ஒரு கை பார்த்துவிடுவது என்று நானும் இறங்கினேன். பழுப்புக் காகிதத்தை எல்லாம் கிழித்து எறிந்துவிட்டுப் படங்களுக்குப் பின்னால் வெள்ளைத் துணி ஒட்டினேன். துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கினேன். கணவர் தறியில் மிஞ்சிய பட்டு நூலில் ஓரம் கட்டிக் கொடுத்தார், அரக்கும் கரும்பச்சையுமாக. ஒரு நூல் பிசிறு தெரியாது. இவ்வளவு அழகான முதுகுகள் அதற்கு முன் எந்தப் படத்துக்கும் வாய்த்திருக்காது என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அது அறையின் மூன்று சுவருக்கு. நாலாவது சுவருக்கு என்னிடம் வேறு சரக்கு இருந்தது. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து இந்தத் தெருவில் நான் எப்போதும் பின்னால்தான் நின்றிருக்கிறேன். குழாயடியில் கடைசிக் குடம் என்னுடையது. கோயிலில் கடைசி வரிசை. யார் வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தாலும் தறியில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுதான் தெரியும். தெருக்காரர்களை நான் முகத்தைவிட முதுகால்தான் அதிகம் அறிவேன். நிற்கிற இடத்தில் நின்றபடி பென்சிலால் வரைந்து வைத்த முதுகுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றில் நல்லவற்றை எடுத்துச் சட்டம் போட்டு, பின்னால் அதே வெள்ளைத் துணியும் பட்டு ஓரமும் வைத்து மாட்டினேன். இவை நேராகவே, முதுகு தெரிய. பெயர் எழுதவில்லை. தொடாதீர்கள் அட்டையைப் புரட்டி, அதன் பின்பக்கத்திலேயே புதிதாக எழுதினேன்: ‘தொட்டுத் திருப்பிப் பார்க்கவும்.’

ஆனி அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலைச் சாப்பாடு முடிந்து கதவைத் திறந்தேன். முதலில் வந்தவர், வேறு யார், எதிர்வீட்டுப் பெரியவர்தான். உள்ளே நுழைந்து சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க வெள்ளைத் துணியும் பட்டு ஓரமும். அவர் முகத்தில் ஒரு குழப்பம். விரலால் ஓரத்தைத் தடவினார். நகத்தால் நெருடிப் பார்த்தார். பிசிறு அகப்படவில்லை.

“இது ஜோரா இருக்குதே!” என்றார். பிறகு கை தானாகப் போய்ப் படத்தைப் புரட்டியது. மறுபக்கம் மழையில் நனைந்த ராஜகோபுரம். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் சுத்தமாக இருந்ததால் முன்பக்கத்தைக் குறை சொல்ல அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. அந்த ஊரில் ஒரு மனிதர் என் படத்தை, படமாகவே, நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் கலங்குவதுதான் என் வழக்கம், இது வேறு.

நாலாவது சுவருக்கு வந்ததும் அவர் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. “டேய், இங்க வாங்கடா! நம்ம தெருவே இங்க திரும்பி நின்னுக்கினு இருக்குது!”

அவ்வளவுதான். வாய்க்கு அவல் கிடைத்தது. கும்பல் கும்பலாக வந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வராததால் வெளியே இருப்பவர்கள் கத்தினார்கள். முதுகைப் பார்த்து ஆளைச் சொல்லும் விளையாட்டு தானாகவே ஆரம்பித்தது. “இது மேலண்டை வீட்டுக்காரரு, வலது தோள் எறங்கியிருக்குது பாரு.” “இந்தக் கொண்டை பூக்காரம்மாவுதுதான்.” ஒரு பிழை இல்லாமல் அடுத்தவர் முதுகை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். தன் முதுகை மட்டும் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், பிறந்ததில் இருந்து அதைப் பார்த்தவரில்லையே. எதிர்வீட்டுப் பெரியவர் தறியில் கூனி உட்கார்ந்திருக்கும் தன் படத்துக்கு நேராக நின்று, “யாரோ பாவம், கெழவன்” என்றாரே பார்க்கலாம். அறை சிரிப்பில் அதிர்ந்தது. பக்கத்துத் தெலுங்கு வீட்டம்மா “அய்யய்யோ” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

இந்தச் சத்தத்தில்தான் நாத்தனார் படி ஏறி உள்ளே வந்தார். வழிவிட்டார்கள். அவர் மூன்று சுவரையும் வேகமாக ஒரு தடவை பார்த்துவிட்டு நாலாவது சுவருக்குப் போனார். ஒரு படத்துக்கு முன்னால் நின்றார். படத்தில் விடியற்காலை, தறியில் ஏற்றப்போகும் பாவு தெரு நீளத்துக்கு நீட்டியிருக்கிறது. இழைகளை ஆளுக்கொரு பக்கம் சரிசெய்கிறார்கள். தெருமுனையில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு கை வைத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோரையும் பார்த்தபடி நிற்கிறாள்.

நாத்தனார் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இது யாரும்மா? இன்னா தோரணையா நிக்கிறா! தெருவே அவ கையில இருக்கிற மாதிரி.”

அறையில் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டுப் பெரியவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. தன்னைப் பார்த்துத் தெரு சிரித்ததற்கு யார் மேலாவது பழி தீர்த்துக்கொள்ள வேண்டாமா? “ஊட்டுக்குப் போயி ரெண்டு கண்ணாடி வெச்சிப் பாருமா, தெரியும்” என்றார்.

நாத்தனாரின் கை மெதுவாகத் தன் கொண்டைக்குப் போனது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. விறுவிறு என்று வெளியே போய்விட்டார். ஜெயித்துக்கொண்டே இருந்தவள் கடைசியில் கவிழ்த்துவிட்டேனே என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைச் சாத்தும்போது நாத்தனார் வாசற்படி வரைக்கும் வந்தார். “கூட்டம் வந்திச்சுதான். இல்லன்னு சொல்லல. அமாவாசை, வேலை இல்ல, வந்தாங்க. நாளைக்குத் தறி ஓடும். எவன் தறியை உட்டுட்டு வர்றான்னு நாளைக்குப் பாக்கலாம்.” படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டிலும் தறி ஓடும் சத்தம். நேற்று விழுந்து விழுந்து சிரித்த தெருவா இது என்று இருந்தது. ஆவணி வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது யார் வருவார்கள்? அவர் சொன்னதுதான் சரி, மனிதர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது. பள்ளி மணிக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. நாத்தனார். புடவையைச் செருகிக்கொண்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நேராக நாலாவது சுவருக்குப் போனார். அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பள்ளிக்கூட மணி அடித்தது எனக்குக் கேட்டது. நான் அசையவில்லை.

பிறகு அவர் படத்தை ஆணியில் இருந்து கழற்றினார். புரட்டினார். வெள்ளைத் துணியில் விரல் ஓட்டினார். பட்டு ஓரத்தை மூலைக்கு மூலை, மடிப்புக்கு மடிப்பு சோதித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“பின்பக்கமும் சுத்தமா இருக்குதுமா” என்றார்.

அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. என் கல்யாணப் புடவைக்குக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? “அக்கா, இது ரெண்டாவது தரம்” என்றேன்.

“தெரியும். எனுக்கு எண்ணத் தெரியாதா?” படத்தைத் திரும்பவும் மாட்டினார், நேராக இருக்கிறதா என்று ஒரு அடி பின்னால் வந்து பார்த்தார். “ராட்டைய நடு ரூம்லயே போடச் சொல்லு உன் ஊட்டுக்காரன்கிட்ட. இங்க எண்ணெய்க் கறை, பட்டு பாழாப் பூடும்.”

சொல்லிவிட்டுப் படி இறங்கித் தெருவில் நடந்தார். நான் வாசலுக்கு ஓடி வந்து நின்றேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். திரும்பவில்லை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி நடந்தார்.